மண்டோர் பெண்டாட்டிக்கு வலிக்காது

என் மனைவிக்கு வலது தோள் இறுகிப்போய் ஐந்து மாதம். கை தோளுக்கு மேல் ஏறாது, கொண்டை போட முடியாது. நான் போட்டுவிட்ட கொண்டையைப் பார்த்த மருமகள், சிரிப்பை அடக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். அந்தக் கை அப்படியே நின்றுவிடுமோ என்று எனக்கு உள்ளூரப் பயம்.

ஆஸ்பத்திரி மாத்திரை கேட்கவில்லை. ரவாங்கிலிருந்து கோல சிலாங்கூருக்குக் காரில் அழைத்துப் போனேன். அங்கே சீன ஊசி வைத்தியம் பார்ப்பவள் எங்கள் பழைய ரப்பர்த் தோட்டத்துச் சீனக் கடைக்காரரின் மகள். தொழிலாளர் லயத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவள். கண்ணை மூடிக்கொண்டு அவள் தமிழைக் கேட்டால் தோட்டத்துக்கே போய்விடலாம். மூலிகைப் புகை சூழ்ந்த அந்த அறையிலும் எனக்கு அவள் அப்பா கடையின் கருவாட்டு வாசம்தான் வந்தது.

தோள்வலிக்குக் காலில் குத்தினாள். முழங்காலுக்குக் கீழே, முடி போல மெல்லிய ஊசி.

"என்னலா இது? நம்ம வீடு ஒழுகினா பக்கத்து வீட்டுக் கூரைய மாத்துற கதையா இருக்கு" என்றேன்.

"சும்மா இருங்க மண்டோரே. அக்கா, சரியான எடத்துல பட்டா கனக்கும், கடுக்கும். நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும். வலிக்குதா?"

"இல்ல" என்றாள் என் மனைவி.

மூன்று வாரம் போனோம். மூன்று வாரமும் அதே 'இல்ல'தான். கையும் ஏறவில்லை.

எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட. ரப்பர்க் காட்டில் நான் மண்டோர், ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. இவள் என் கூட்டத்தில் பால் வெட்டியவள். ஈர மண்ணும் ரப்பர்ப் பாலும் மணக்க, வரிசையாக நிற்பவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும் அந்த விடியலுக்கு இன்றும் ஏங்குகிறேன். வலி, காய்ச்சல் என்று யாராவது வாய் திறந்தால் பேர் கூப்பிடாமல் திருப்பி அனுப்பிவிடுவேன்; அன்றைக்குக் கூலி கிடையாது. ஒருநாள் இவள் மணிக்கட்டு வீங்கி நின்றாள். பெண்டாட்டிக்குச் சலுகை என்று யாரும் பேசிவிடக் கூடாதே! எல்லோர் முன்னாலும் "வலிக்குதா?" என்று அதட்டினேன். "இல்ல" என்றாள். அன்றும் இரண்டு வாளிப் பாலைத் தூக்கி நடந்தாள். மண்டோர் பெண்டாட்டிக்கு வலிக்காது என்று அதைப் பல வருஷம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

நான்காம் வாரம், பதில் சொல்லும் முன் இவள் என் முகத்தைப் பார்ப்பதை வைத்தியக்காரி கவனித்துவிட்டாள்.

"மண்டோரே, போய் ஒரு கோப்பி குடிச்சிட்டு வாங்க."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது திரைக்குப் பின்னாலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"வலிக்குது. ஐயோ, கனக்குது. அங்கதான், அங்கதான்."

"தோள்வலி எவ்வளவு நாளாக்கா?"

"பால் வாளி தூக்குன நாள்லேருந்து."

கோப்பியாவது ஒன்றாவது! ஒற்றைச் செருப்போடு அங்கேயே நின்றேன். வெட்கமாக இருந்தது. நான் ஏங்கும் அந்த விடியல்களில் எல்லாம் இவளும் நின்றிருக்கிறாள், வாயைத் திறக்காமல்.

அன்று வெளியே வந்தபோது என் மனைவியின் வலது கை ஏறி, விரல் காதைத் தொட்டது. காரில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டேன்.

"இப்ப வலிக்குதா?"

பழக்கப்படி என் முகத்தைப் பார்த்தாள்.

"கேக்குறது மண்டோரா, எங்க வீட்டுக்காரரா?"

"வீட்டுக்காரன்தான்."

"வலிக்குதுங்க" என்றாள்.