திட்டே இல்லாத இலைக்குள் வைரஸ்: லின்ஃபீல்டிலிருந்து ஹென்டர்சனுக்கு

இந்தக் கோடையில் எங்கள் லின்ஃபீல்ட் வீட்டுத் தக்காளிச் செடிகளின் இலைகளில் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுகள் விழுந்தன. வேலியோரம் தனியே நின்ற ஒரு செடி மட்டும் தளதளவென்று இருந்தது. திட்டு விழுந்த இலைகளைக் கிள்ளிவிட்டால் மற்ற செடிகளும் பிழைக்காதா? அதைக் கேட்கத்தான் ஒரு சனிக்கிழமை நானும் மனைவி கவிதாவும் ஹென்டர்சனில் வசந்தி அக்கா வீட்டுக்குக் கிளம்பினோம். அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். தாவர வைரஸ் ஆய்வகத்தில் வேலை.

காரில் இருபது நிமிடம். பஸ் என்றால் மாறி ஏற வேண்டும், நேரமும் நிறைய ஆகும். நோயுற்ற செடி ஒன்றின் நுனியிலிருந்து திட்டே இல்லாத ஓர் இலை, வேலியோரச் செடியிலிருந்து ஓர் இலை. இரண்டையும் தனித்தனி ஜிப் பைகளில் போட்டுக் கவிதா மடியில் வைத்திருந்தாள்.

அக்கா வாசலிலேயே சொல்லிவிட்டார். “பின்னால செடி வளர்க்கிற கண்ணாடி வீட்டுப் பக்கம் மட்டும் போகாதேங்கோ. உங்கட கையில வைரஸ் ஒட்டியிருக்கும். அங்க என்ர மிளகாய்க் கண்டுகள் நிக்குது.”

கை கழுவிவிட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்தோம். அக்கா நுனி இலையை ஒரு திரவத்தில் நசுக்கி, சோதனைப் பட்டையை நனைத்தார். “ஒரு கோடு வந்தா டெஸ்ட் வேலை செய்யுது. ரெண்டு வந்தா வைரஸ் இருக்கு.”

இரண்டு கோடுகள் வந்தன.

“இதுல ஒரு திட்டுகூட இல்லையே அக்கா, எப்படிப் போச்சு?” என்றாள் கவிதா.

“ஒரு செல்லுக்கும் பக்கத்துச் செல்லுக்கும் நடுவில நுண்ணிய வாசல்கள் இருக்கு. சத்தும் செய்தியும் அனுப்பச் செடி தானே வச்சிருக்கிறது. வைரஸுக்கு அது சின்னன். அதால, உள்ள போன உடன அந்த வாசலை விரிக்கிற ஒரு புரதத்தைச் செடியைக் கொண்டே செய்விக்கும். பிறகு செல் செல்லாப் போய் இலை நரம்பைப் பிடிச்சிட்டா நுனிக்கும் வேருக்கும் போயிடும்.”

“அப்போ இலையைக் கிள்ளினா?”

“பிரயோசனமில்லை. திட்டு தெரியிற முன்னமே வைரஸ் அங்கால போயிடும். நோய் வந்த செடியைப் பிடுங்கத்தான் வேணும்.”

சுவரை உடைக்காமல், இருக்கிற வாசலையே பெரிதாக்கிக்கொண்டு போகிறதாம். ஒரு நிமிடம் தக்காளியை மறந்து வியந்துபோனேன்.

அடுத்தது வேலியோரச் செடியின் இலை. கவிதா பட்டையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. கடைசிவரை ஒரு கோடுதான்.

“நம்பலாமா அக்கா?”

“ஓம், இண்டைக்கு. வைரஸ் இன்னும் பெருகாம இருந்தாலும் இப்பிடித்தான் காட்டும். ரெண்டு கிழமையால, பதினாலு நாள் கழிச்சு, திரும்பக் கொண்டு வாங்கோ.”

இப்படி இலை கொண்டுபோக நினைப்பவர்களுக்கு: முதலில் போனில் கேளுங்கள். முழுச் செடியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நோயுற்ற செடியைத் தொட்ட கையோடும் கத்தரிக்கோலோடும் இன்னொரு செடியிடம் போகாதீர்கள். பிடுங்கியதை உரக்குழியில் போடாமல் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

அன்று மாலை காய்களோடு நின்ற ஐந்து செடிகளைப் பிடுங்கினேன். கவிதா வேலிப் பக்கமே போகவில்லை. தள்ளி நின்று, குழாயை நீட்டிப் பிடித்து, அந்த ஒற்றைச் செடியின் அடியில் தண்ணீர் விட்டாள்.