றெனோல்ட் கையால் எழுதிய கட்டளைகள்

மன்னாரில் பிறந்து, புலம்பெயர்ந்து வில்லரேயில் குடியிருக்கும் றெனோல்ட், டோர்வலில் விமானச் சாப்பாடு கட்டும் கம்பனியொன்றில் பத்தொன்பது வருடம் நாலு மாதமாகக் கணினி நிரல் எழுதுகிறார். தரவுத்தளத்திலிருந்து எதை எடுப்பதென்றாலும் அதற்கான எஸ்.கியூ.எல். கட்டளையைத் தன் கையாலேயே எழுதுவார். மொத்தம் 214 கட்டளைகள். பிள்ளைகளின் பிறந்தநாளை மறந்தாலும் ஒரு காற்புள்ளியை மறக்கமாட்டார் என்று மனைவி ஜென்சி சொல்வதுண்டு. அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

சென்ற மார்ச்சில் வித்தியா வேலைக்கு வந்தாள். வந்த ஆறாம் நாளே, கட்டளைகளைத் தானே எழுதிக்கொள்ளும் ஓ.ஆர்.எம். கருவி இருக்க இவ்வளவு பாடு எதற்கு என்றாள். மனேஜர் இருவரையும் ஒரே பட்டியலைச் செய்யச் சொன்னார்: ஒரு விமானத்தின் 312 பயணிகளில் யாருக்கு என்ன சாப்பாடு. வெல்பவரின் பொறுப்பில் புதிய வேலை. தோற்றால் தன்னைவிட இருபத்திரண்டு வயது இளையவளின் கீழ் இருக்கவேண்டும். றெனோல்டுக்கு இரண்டு கிழமை சோறு இறங்கவில்லை.

வெள்ளி காலை பத்து மணிக்குச் சோதனை. அவருடைய பட்டியல் இரண்டு செக்கனில் வந்தது. வித்தியாவினுடையது நாலு நிமிடம். அவளுடைய கருவி விமானத்துக்கு ஒரு தடவை, பிறகு ஆளுக்கொரு தடவை என்று 313 முறை தரவுத்தளத்துக்குப் போய்வந்திருந்தது.

"ஏன் பிள்ளை, டெப்பனர் கடைக்கு ஒரு டசின் முட்டை வாங்கப் போனால் பன்னிரண்டு தரம் நடப்பியோ?"

"சிரியுங்கோ அண்ணை, சிரியுங்கோ."

மனேஜரும் சிரித்தார். சிரித்துவிட்டு, எள் ஒவ்வாமை என்றொரு விவரத்தைப் புதிதாகச் சேர்க்கச் சொன்னார். வித்தியா ஓரிடத்தில் ஒரு வரி எழுதிவிட்டுக் கோப்பி குடிக்கப் போனாள். றெனோல்ட் பின்னேரம் வரை குனிந்திருந்து முப்பத்தாறு கட்டளைகளைத் திருத்தினார். திருத்தவேண்டியவை முப்பத்தேழு.

"அண்ணை," வித்தியா குரலைத் தாழ்த்தினாள். "சாப்பாட்டுத் தட்டு லேபல் அடிக்கிற கட்டளை விட்டுப்போச்சு. ஒவ்வாமைக்காரருக்கு எள்ளுப் பேகல் பாண் போகுது. மனேஜர் இன்னும் பார்க்கேல்லை, டக்கெண்டு திருத்துங்கோ."

"முப்பத்தெட்டாவதா இன்னொண்டு விட்டுப்போகேல்லையெண்டு உனக்குத் தெரியுமோ?"

"எனக்கெப்பிடித் தெரியும்? எழுதினது நீங்கள்."

எழுதியவருக்கும் தெரியவில்லை. அவரே மனேஜரிடம் போய்ச் சொன்னார்.

பொறுப்பு வித்தியாவுக்குப் போனது. எல்லாம் தானே எழுதும் அந்த அதிசயக் கருவியை ஆக்கியவர்கள், அது தடுமாறும் இடங்களுக்காகக் கையால் எழுதவும் ஓர் இடுக்கு விட்டிருந்தார்கள். றெனோல்டுக்கு அந்த இடுக்கு ஒதுக்கப்பட்டது. இதுவரை ஒன்பது கட்டளைகள். ஒவ்வொன்றையும் வித்தியா வாசித்து ஒப்புதல் தரவேண்டும். திங்கட்கிழமை இரண்டைத் திருப்பி அனுப்பினாள்.

ஒன்றில் உண்மையாகவே பிழை இருந்தது.