இருபதடியில் நின்றவன்

கல்லைக் கட்டிக்கொண்டால் யாரும் தண்ணீருக்குள் இறங்கலாம். எங்கள் தொழிலே மேலே ஏறுவதுதான். அவசரக்கார அதிகாரியிடம் மாட்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

சோடா பாட்டில்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். சண்டைக் காலத்தில் துறைமுகத்தில் செம்புத் தொப்பி மாட்டி முங்கப் பழகினேன். ஊர் திரும்பியதும் மலைமேல் ஓர் ஏரியில் வேலை. எண்பதடி ஆழத்தில் மரக்கட்டைகள் மதகை அடைத்திருந்தன. கீழே மார்க்கையன்கோட்டை வரை நாற்று காய்ந்துகொண்டிருந்தது.

காற்றில் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன்; ஆழத்தில் சுவாசிக்கும்போது அது இரத்தத்தில் ஊறிக்கொள்ளும். நின்று நின்று ஏறினால் மெல்லக் கழியும். சடாரென்று ஏறினால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி நுரைத்து மூட்டில் உட்காரும். வேலையை மேற்பார்த்த ஓவர்சியரிடம் இதைச் சொல்லித்தான் இறங்கினேன். முதல் நாளே ஆட்களை ஏவி ஒரே இழுப்பாக என்னைத் தூக்க வைத்தார். மாலைக்குள் இடது தோள் முறுக்கியெடுத்தது. அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது:

"தோளா? ஒருக்களிச்சுப் படுத்திருப்ப, போ."

மச்சினன்

மறுநாள் ஆண்டிபட்டியிலிருந்து பெண்டாட்டியின் தம்பியை வரவழைத்தேன். முங்குகிறவன் கயிற்றை மச்சினன் பிடிப்பதுதான் கடற்கரை வழக்கம். கூலியாள் அதிகாரிக்குப் பயப்படுவான். மச்சினன் அக்காளுக்குப் பயப்படுவான். ஏறும் வழியில் நான் இருபதடியில் நின்றபோது ஓவர்சியர் "தூக்குடா" என்று குதித்தாராம். இவன் அசையவில்லை.

"மச்சான் கயித்த மூணு தரம் சுண்டுனாகன்னாத்தான் தூக்குவேன். அங்கன நின்னு கத்துனா எங்க அக்காவுக்கு நீங்களா பதில் சொல்லுவீக?"

சிலிண்டர்

துறைமுக டாக்டர் ஒரு வழி சொல்லியிருந்தார். இருபதடியில் நிற்கும்போது மேலிருந்து குழாயில் வரும் பம்புக் காற்றுக்குப் பதில் ஆக்சிஜன் கொடுத்தால் ஊறியது சீக்கிரம் கழியும், காத்திருப்பு பாதியாகும். மதுரையிலிருந்து சிலிண்டர் வந்தது. சொன்னபடியே நடந்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

ஓவர்சியருக்கோ வேறு யோசனை. நல்ல காற்று என்றால் அடியிலேயே கொடுக்கலாமே என்றார். அந்த ஆழத்தில் அதுவே வலிப்பு வரவைத்துக் கொன்றுவிடும் என்று தலையில் அடித்துச் சொன்னேன். கேட்டால்தானே? நான் எண்பதடியில் இருந்தபோது சிலிண்டரைத் திறக்கச் சாவி கேட்டிருக்கிறார். என் மச்சினன் அதை வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு, முகத்தைத் தொங்கப்போட்டானாம்:

"சாவி ஏரிக்குள்ள விழுந்துருச்சுங்கய்யா. மச்சான் மேல வரட்டும், முங்கி எடுத்துத் தரச் சொல்றேன்."

மதகு திறந்த நாள்

கடைசிக் கட்டையைக் கயிற்றில் பிணைத்துவிட்டு, மதகைவிட்டு விலகி இருபதடிக்கு வந்து நின்றேன். நான் ஏறும்வரை பொறுக்காமல் மதகைத் தூக்கிவிட்டார் ஓவர்சியர். விவசாயிகள் அவருக்கு மாலை போட்டார்கள், குலவை கேட்டது. எல்லாம் என் தலைக்கு மேலே. ஒரு நிமிஷமும் குறைக்காமல் நின்றேன். தொப்பியைக் கழற்றியபோது மச்சினனைத் தவிர எனக்காகக் காத்திருந்தவர் மார்க்கையன்கோட்டைப் பெரியவர் ஒருவர்தான்.

"ஏப்பா, தண்ணியே பாதி வழி போயிருக்கும். நீ இப்பத்தான் வர்றியா?"

மதகுக் கல்லில் ஓவர்சியர் பெயர்தான் வெட்டியிருக்கிறது. இந்த வயதிலும் வருஷத்துக்கு ஒருமுறை மூட்டு நோகாமல், கம்பு ஊன்றாமல் மலையேறிப் போய், அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு வருகிறேன்.