மறுகதை றாக்கை

நூலகத்தில் வேலை செய்கிறவளுக்கு வாசிக்க நேரம் தாராளமாக இருக்கும் என்று நம்பிப் பொறாமைப்படும் நாவல் பைத்தியங்களே, நான் படும் பாட்டைக் கொஞ்சம் கேளுங்கள். நோன்பு லீவுக்குள் பத்துப் பேராவது நாவல் இரவல் எடுக்காவிட்டால், நாவல் அடுக்கும் தட்டுகள் கொண்ட றாக்கையைக் காலி செய்து கடந்தகால வினாத்தாள் புத்தகங்களை அடுக்கப் போவதாக எங்கள் பொறுப்பாளர் சேர் சொல்லிவிட்டார். அந்த றாக்கைதான் எனக்கு உசிர். புதிதாக வந்த நாவல்களை எல்லாம் நானே வாசித்து, ஆள் பிடிக்க நாலு வார்த்தை எழுதி அட்டையில் ஒட்டத் தொடங்கினேன். புத்தி கெட்ட வேலை!

உள்ளே நல்ல மழை

முதல் நாவலில் நூறு பக்கத்துக்கு மழை. கதாநாயகன் யன்னலடியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். கொட்டாவி விட்டு விட்டு எனக்குத் தாடை நொந்துபோயிற்று. ஆனாலும் றாக்கையை நினைத்து, "உள்ளே நல்ல மழை" என்று எழுதினேன். வரிப்பத்தான்சேனையில் வயல் செய்கிற ஒரு காக்கா, எங்களுக்கு அண்ணன் முறை, பத்திரிகை பார்க்க வந்தவர், அதைக் கண்டு ஆசையாக எடுத்துப் போனார். மூன்றாம் நாளே கொண்டுவந்து மேசையில் போட்டார்.

"நூறு பக்கம் மழையாம், ஒரு ஏக்கர் விதைக்கல்லையே மிஸ்!"

பிழை விட்டது ஆர்?

அடுத்தது, பழைய இளவரசிக் கதைகளைப் புதிதாகத் திருப்பிச் சொல்கிற நாவல்கள். ஒன்றில் இளவரசியைக் கோட்டைக்குள் அடைத்துவைத்த அரக்கன் தங்கமான ஆள். இன்னொன்றில் சூனியக்காரி பாவம். மூன்றாவதில் கொடுமைக்காரச் சித்திக்கும் ஒரு சோகக் கதை. சரி, அப்ப பிழை விட்டது ஆர்? முந்நூறு பக்கம் தேடியும் ஆளைக் காணவில்லை. வல்லாஹி, எனக்கு அழுகையே வந்துவிட்டது. என்னோடு வேலை செய்யும் ஜெமீலா ராத்தாவிடம் சொல்லிப் புலம்பினேன். அவ தூசி தட்டுவதை நிறுத்தாமலே கேட்டா:

"எல்லாரும் நல்லவங்கெண்டா அந்தக் கோட்டையை ஏன்கா கட்டின?"

மறுகதை

கடைசி வாரம், அந்த இளவரசிக் கதைகள் இருந்த தட்டில் "மறுகதைகள்" என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். உயர்தர வகுப்பில் படிக்கிற றிஸ்னா ஓடிவந்து ஒன்றை எடுத்துப் போனாள். பெண் கேட்டு வந்த இளவரசனிடம் வேண்டாம் என்று சொல்லிக் கதவை அடைக்கிற இளவரசியின் கதை அது. வந்ததில் எனக்குப் பிடித்ததும் அது ஒன்றுதான். அன்றைக்கே எனக்குப் பெருநாள்.

மறுநாள் முகம் வாடித் திரும்பி வந்தாள். வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்களாம். அவளுக்கோ படிக்க ஆசை. எங்கள் பக்கம் கதைக்கிறது என்றால் பேசுகிறதுதானே? மறுகதை என்றதும், மறுத்துக் கதைக்கச் சொல்லித் தருகிற புத்தகம் என்று நினைத்துவிட்டாள் பிள்ளை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாவல் வாசித்தவள், அந்தப் புத்தகத்தை வாங்கி மறுபடி பக்கம் பக்கமாகப் புரட்டினேன்.

"இளவரசி கதவை அடைச்சிட்டாள், சரி. வாப்பாட்ட என்ன சொல்றதெண்டு எங்கயும் இல்லையே மிஸ்!"

நோன்பு லீவு முடிந்து வந்தபோது அந்த றாக்கை நிறைய வினாத்தாள் புத்தகங்கள். அதிலாவது, கேள்விக்குப் பின்பக்கத்தில் விடை இருக்கிறது.