கோசீக்கன் அச்சை வெட்டாது

"டீச்சர், இண்டைக்கு வகுப்பு பிழைச்சுதெண்டா கணிதப் பிரிவைப் பூட்டிடுவாங்க. பிறகு என்னைக் குறை சொல்லப்படாது" என்று அதிபர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

மூதூரில் எங்கள் பெண்கள் பாடசாலையில் உயர்தரக் கணிதம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. பிள்ளைகள் ஒரு மேசையைச் சுற்றி இருக்கக்கூடிய அளவுதான். இத்தனை பேருக்கு ஒரு பிரிவு எதற்கு என்று வலயக் கல்வி அலுவலகம் கேட்டது. பூட்டினால் திருகோணமலைக்குப் போய்ப் படிக்க வேண்டும். தினமும் அவ்வளவு தூரம் அனுப்ப எந்த வாப்பாவும் சம்மதிக்க மாட்டார். கலைப்பிரிவில் போய் இருப்பார்கள், பொறியியல் ஆசை அதோடு சரி. நினைக்க நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேலிடத்திலிருந்து ஆள் வருகிறார் என்றால் எங்கள் பள்ளிக்கூடங்களில் பாடம் முன்கூட்டியே ஒத்திகை பார்க்கப்படும். கெட்டிக்காரப் பிள்ளையை எழுப்புவோம், தெரிந்த கணக்கைக் கொடுப்போம். ஒளிப்பானேன், எல்லோரும் செய்வதுதான். நானும் ரிஸ்மியாவைச் சைன் வரைபுக்குத் தயார் செய்து வைத்திருந்தேன்.

வலய அலுவலகத்திலிருந்து வகுப்பைப் பார்க்க வந்த பணிப்பாளர் லேசுப்பட்ட ஆளில்லை. ரிஸ்மியா எழும்ப முன்னமே கையைக் காட்டி இருத்தினார்.

"சைனை விடுங்க. கோசீக்கன் கீறட்டும். அந்தக் கடைசிப் பிள்ளை வரட்டும்."

கடைசியில் இருந்தவள் பர்வின். வாய் திறக்கவே யோசிப்பவள். கோசீக்கன் என்றால் ஒன்றைச் சைனால் பிரிப்பது, அவ்வளவுதான். கல்குலேட்டரைத் தட்டித் தட்டி அட்டவணை போட்டாள். 180 பாகையில் அது பிழை என்று காட்டியது. அதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனாள். முந்தின புள்ளி எங்கேயோ உயரத்தில், பிந்தின புள்ளி எங்கேயோ பள்ளத்தில். இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்தாள்!

அங்கே கோடு வரவே கூடாது. சைன் அங்கே பூச்சியம், பூச்சியத்தால் பிரிக்க முடியாது. வரைபு இரண்டு துண்டாகப் பிரிந்து, நடுவில், வரைபு நெருங்கி நெருங்கி வந்தும் தொடாத அணுகுகோடு மட்டும் விட்டுவிட்டுக் கீறிய நிலைக்குத்துக் கோடாக நிற்க வேண்டும். அதிபர் கண்ணாலேயே டஸ்டரைக் காட்டினார். நானும் எடுத்துவிட்டேன்.

பிறகு எங்கிருந்தோ ஒரு ரோசம். டஸ்டரைப் பர்வினின் கையில் கொடுத்தேன்.

"மகள், இந்தக் கோடு கிடை அச்சை எங்க வெட்டுது?"

"நூற்றெண்பதில, டீச்சர்."

"வெட்டினா அந்த இடத்தில கோசீக்கன் எவ்வளவு?"

"பூச்சியம்" என்றவள் தன் அட்டவணையைத் திரும்பப் பார்த்தாள். பிறகு பணிப்பாளர் இருப்பதையே மறந்து சத்தம் போட்டாள்: "அல்லாஹ்! ஒண்டை எதால பிரிச்சாலும் பூச்சியம் வராதே! அப்ப இது அச்சை ஒரு இடத்திலயும் வெட்டாது, டீச்சர்!"

இணைத்த துண்டை மட்டும் அழித்தாள். அணுகுகோட்டைக் கீறினாள். கேட்காமலே பூச்சியத்திலும் 360இலும் அதேபோல் கீறினாள்.

"இது சொல்லிக் குடுத்து வச்சதோ?" என்றார் பணிப்பாளர்.

"இல்லை சேர். அணுகுகோடு படிப்பிச்சனான். அச்சை வெட்டாதெண்டது அவட சொந்த யோசனை."

அவர் அதிபர் பக்கம் திரும்பினார். "இந்த வகுப்பைப் பூட்டச் சொல்லி என்னால எழுத ஏலாது."

அன்றைக்கு எனக்குப் பெருமை தாங்கவில்லை. இன்றைக்கும் தாங்கவில்லை. புதிதாக வருகிற ஆசிரியர்களே, பிழையான வரைபைக் கண்டதும் ஓடிப்போய் அழிக்காதீர்கள். அன்று நான் அழித்திருந்தால் கரும்பலகையில் வரைபு சரியாக இருந்திருக்கும். வகுப்பு இருந்திருக்காது.