சுவரோடு கட்டிய கொய்யா

என் மாமனார் காஸ்பர் யாரையும் நம்பமாட்டார். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில், சூளையிலிருந்து இறங்கும் சாமான்களை விரலால் தட்டிப் பார்த்து விரிசல் கண்டுபிடிப்பது அவர் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் விரல் ஓயவில்லை. பெண் பார்க்கப் போன அன்று என் ஹெல்மெட்டையே தட்டிப் பார்த்தார். அடுத்த வாரம் பஸ் ஏறித் திட்டக்குடிக்கு வந்து, நான் சொன்ன கடையில்தான் வேலை செய்கிறேனா என்று எதிர் டீக்கடையில் உட்கார்ந்து நோட்டம் விட்டார்.

அவர் நம்பிய ஒரே ஆள் பக்கத்து வீட்டுப் பழமலை. ஒரே கம்பெனி, ஒரே ஷிப்டு. ஒரு டீயை இரண்டு டம்ளரில் ஊற்றிக் குடித்தவர்கள். அதையும் கொய்யாமரம் கெடுத்தது. மாமா மரத்தின் கிளை ஒன்று சுவரைத் தாண்டிப் பழமலை பக்கம் போயிருந்தது. ஒருநாள் அவர்கள் வீட்டுக் குப்பையில் கொய்யாத் துண்டைப் பார்த்தவர், பழமலையின் மனைவி அமிர்தத்திடம் "எங்க மரத்துப் பழமா?" என்று நேராகவே கேட்டுவிட்டார். அந்தம்மா சந்தையில் வாங்கிய பழம் அது. மறுநாளிலிருந்து பழமலை பேசவில்லை.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். மனுஷன் மரத்தைத் திருத்தக் கிளம்பினார். முழங்கால் உயரத்துக்கு வெட்டினார். கம்பெனியில் கழித்துப் போட்ட பீங்கான் குமிழ்களைச் சுவரில் பதித்து, வரிசையாகக் கம்பி இழுத்து, துளிர்த்த கிளைகளை இடமும் வலமுமாகப் படுக்கவைத்துக் கட்டினார். முன்னால் நீட்டுவதையும் மேலே ஏறுவதையும் விடாமல் கவாத்து செய்தார். சில வருடத்தில் மரம், கொடியில் காயப்போட்ட புடவை மாதிரி சுவரோடு தட்டையாக நின்றது. காயும் நன்றாகப் பிடித்தது. தெருவே வந்து வேடிக்கை பார்த்தது, பழமலையைத் தவிர. அவர் ஒருமுறை எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று மாமா ஏங்கியது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

போன மழைக்காலத்தில் மாமாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். அத்தையோடு எங்கள் வீட்டில் தங்கித்தான் உடம்பு தேறினார். ஊர் திரும்பும்போது வழியெல்லாம், "கெளயெல்லாம் அவன் பக்கம் போயிருக்கும். ஒரு காய் மிஞ்சாது" என்று புலம்பினார்.

போய்ப் பார்த்தால் ஒரு கிளைகூடச் சுவரைத் தாண்டவில்லை. புதுத் துளிர்களெல்லாம் நீலக் கட்டம் போட்ட லுங்கிக் கிழிசலால் கம்பியோடு ஒற்றை முடிச்சாகக் கட்டப்பட்டிருந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் அதே லுங்கியில் பழமலை நின்றிருந்தார்.

"நீயா கட்டுன? எதுக்கு?" மாமாவின் குரலில் அப்போதும் சந்தேகம்தான்.

"கெள எங்க பக்கம் தலைய நீட்டுச்சுங்க. நாளைக்கு நீங்க வந்து எங்க குப்பையக் கிளறுவீங்க. அதான் கட்டி வுட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பழமலை உள்ளே போய்விட்டார். ஒரு காலத்தில் 'வாடா போடா' என்று பேசியவர், இப்போது 'நீங்க' என்கிறார்.

மாமா, நன்றாகப் பழுத்திருந்த ஒரு கிளையின் கட்டை அவிழ்த்து, தன் கையாலேயே அதைச் சுவருக்கு அந்தப் பக்கம் வளைத்து விட்டார். எனக்கு முதன்முறையாக அவர்மேல் பிரியம் வந்தது.

மறுநாள் காலையில் சர்ச்சுப் பூசைக்குக் கிளம்பும்போது பார்த்தோம். கிளை பழையபடி இந்தப் பக்கம் கம்பியோடு கட்டப்பட்டிருந்தது. பழங்கள் அப்படியே இருந்தன. மாமா பழங்களைப் பார்க்கவில்லை. லுங்கித் துணியை மட்டும் விரலால் தடவினார்.

"இந்தத் தடவ ரெண்டு முடிச்சு போட்டிருக்கான்" என்றார்.