சாய்ந்த கடல்

மாசி மாதத்துச் சனிக்கிழமை. காலை ஆறரைக்கு ராயபுரத்தில் எண்ணூர் பஸ்ஸுக்காக நானும் என் வீட்டுக்காரரும் நின்றோம். அவர் கையில் குடையும் புளிச்சோற்றுத் தூக்கும். என் கையில் கேமரா. பள்ளிக்கூடத்திலிருந்து நான் ஓய்வு பெற்றபோது கூட இருந்த டீச்சர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்த பெட்டிக் கேமரா. ஒரு சுருளுக்கு எட்டுப் படம். இந்த வயதில் பிடித்த பைத்தியம், சுலபத்தில் தெளிவதாக இல்லை.

அன்றைக்கு எனக்கு ஒரே ஆசை: அவர் சிரிக்கிற மாதிரி ஒரு படம். துறைமுகப் பணிமனையில் ஃபிட்டராக இருந்து, ரசமட்டம் வைத்துச் சாய்வு பார்த்து இயந்திரங்களை நேராக நிறுத்தியே ஆயுளைக் கழித்தவர். கேமராவைக் கண்டால் தாமே இயந்திரமாகிவிடுவார். கல்யாணப் படம் எடுத்தவர் ‘அசையாதீங்க’ என்றார். ‘ஆச்சு’ என்று சொல்ல மறந்துவிட்டார் போலிருக்கிறது. வீட்டில் அவர் சிரித்தால் பக்கத்து வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்ளும். அந்தச் சிரிப்புக்கு ஒரு படம்கூட இல்லையே என்பது எனக்குப் பெரிய மனக்குறை.

ஒன்பது மைல் தூரம். டிக்கெட் ஆளுக்கு நாலணா. திருவொற்றியூரில் பஸ் நின்ற நேரத்தில் அவரைத் தேரடியில் நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். கண்டக்டர் எட்டிப் பார்த்து, “இன்னா நைனா, போலீஸ்ல புடிச்சுகினு போன மாதிரி நிக்கிறே?” என்றார். அதற்கும் இவர் சிரிக்கவில்லை. தீப்பெட்டித் தொழிற்சாலையின் மருந்து வாடை எர்ணாவூர் வரை கூடவே வந்தது.

எண்ணூரில் இறங்கி மணலில் நடந்து முகத்துவாரக்குப்பம் போய்ச் சேர்ந்தோம். ஒரு பக்கம் உப்பங்கழி அசையாமல் கிடக்கிறது. மறு பக்கம் கடல் சும்மா இருப்பதில்லை. கட்டுமரத்தோடு, வலையோடு, குடையோடு என்று அவரை வைத்து இன்னும் ஐந்து படம். எல்லாம் அதே விறைப்பு.

மீன் பிரித்துக்கொண்டிருந்த கன்னியம்மா என்ற பெண் எழுந்து வந்து, தன்னையும் தோழிகளையும் ஒரு படம் பிடிக்கச் சொன்னாள். நாலு பேரும் கூடைகளைக் காலடியில் வைத்துவிட்டு வரிசையாக நின்றார்கள். இந்தக் கேமராவின் தலையில் உள்ள சின்னக் கண்ணாடியைக் குனிந்து பார்த்துத்தான் எடுக்க வேண்டும். குனிந்தேன், வெயிலில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. விசையை அமுக்கிவிட்டு நிமிர்ந்தால், நாலு பேரும் கும்பிட்ட கையோடு அப்போதுதான் நிமிர்கிறார்கள். முகத்தைக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு, சுருளைத் திருப்பி, மறுபடி குனிந்தேன். அவர்களும் மறுபடி குனிந்தார்கள்.

“நீ படிச்சவ, எங்களப் பாத்து தலை குனியறே. நாங்க மட்டும் நிமிந்துகினு நின்னா நல்லாவா கீது?” என்றாள் கன்னியம்மா.

பின்னால் என் வீட்டுக்காரரின் சிரிப்பு வெடித்தது. “டீச்சரம்மா, பள்ளிக்கூடத்துல புள்ளைங்க வச்ச கும்பிடு போதலியா? இங்கயும் வந்து வாங்கிகினு கீறியே!”

மிச்சம் ஒரே படம். குனிந்தால் அவர் விறைத்துவிடுவார். அதனால் குனியவில்லை. அவர் முகத்தையே பார்த்தபடி, வயிற்றோடு பிடித்திருந்த கேமராவை அந்தப் பக்கம் திருப்பி விசையை அமுக்கினேன்.

படம் தீர்ந்துவிட்டதைக் கன்னியம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். மறுக்கா வந்தால் நிமிர்ந்து நிற்பதாக அவள் வாக்குக் கொடுத்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் அவர் தூங்கினார். எனக்குத்தான் பட்டாம்பூச்சி பிடித்த கையாக இருந்தது; உள்ளே இருக்கிறதா, பறந்துவிட்டதா?

அடுத்த வாரம் படங்கள் கழுவி வந்தன. குடை பாதி வெட்டுப்பட்டிருந்தது. கடல் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. நடுவில் அவர், வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவரோ நெடுநேரம் பார்த்துவிட்டு, “கடல் சாஞ்சு கீதே” என்றார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மறுநாள் மார்க்கெட்டிலிருந்து திரும்பினால், கூடத்துச் சுவரில் அந்தப் படம். அவரே சட்டம் போட்டு, அவரே ஆணி அடித்து, கோணலாக மாட்டியிருந்தார். பக்கத்தில் ரசமட்டம் கிடந்தது. கடல் மட்டும் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் சட்டம் கோணியிருக்கிறதே என்று நேராக்கிவிட்டு உட்காருகிறார்கள். அவர்கள் போனதும் இவர் எழுந்து போய்க் கடலை நேராக்கிவிட்டு வருகிறார்.